அறுபத்திரண்டாம் வரிசை

ஜனவரி 9
தபாலில்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வழக்கம்போல ‘அப்புறம் பார்க்கலாம்’தானா? அத்தானையும் என் மருமகள் சுண்டெலியையும் கேட்டதாகச் சொல். என் கண்ணைப் பற்றி நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: கண்ணாடிதான் தடித்திருக்கிறது, நான் தடிக்கவில்லை.

இங்கே எங்கள் பேராசிரியர் என் தலையில் ஒரு பெரிய வேலையைக் கட்டியிருக்கிறார். நம் கண்டத்தின் பத்தொன்பது நாடுகளும் கடந்த நூறு வருடங்களில் எவ்வளவு சம்பாதித்தன, அதில் ஒரு தலைக்கு எவ்வளவு விழுந்தது என்று ஒரே அட்டவணையில், ஒரே அளவுகோலில் கொண்டுவர வேண்டும். குறுக்கே பத்தொன்பது நாடுகள், கீழ்நோக்கி நூறு வரிசைகள். ஒரு வரிசை ஒரு வருடம். ஆக ஆயிரத்துத் தொள்ளாயிரம் கட்டங்கள். ஏதாவது கட்டத்துக்கு எண் கிடைக்காவிட்டால் முன் வருடத்துக்கும் பின் வருடத்துக்கும் நடுவே நேர்கோடு போட்டு நிரப்பிவிடுவோம். அதற்குப் பெயர் ஆராய்ச்சி!

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். 61 முதல் 63 வரை உள்ள வரிசைகள் மழை பொய்த்த வருடங்கள். நம்மைச் சுற்றியிருக்கும் நான்கு நாடுகளிலும் வருமானம் தடாலென்று விழுகிறது. நம் நாட்டில் மட்டும் நூற்றுக்கு மூன்று ஏறுகிறது. மூன்று வருடமும் அதே மூன்று. மேகம் எல்லைக்கோடு பார்த்தா நின்றுபோகும்? நீதான் புள்ளிவிவர அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பழைய காகிதங்களோடு குடித்தனம் நடத்துகிறாயே, அந்த எண்கள் எப்படி வந்தன என்று காட்டும் கணக்குத்தாள் ஏதாவது இருக்கிறதா பார்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 6
தபாலில்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். முதுகு வலி பரவாயில்லை. நீ கேட்ட வருடங்களுக்கு அலுவலகம் வெளியிட்ட புத்தகத்தில் உள்ள எண்களே சரியானவை. அவற்றையே எடுத்துக்கொள். வேறு கணக்குத்தாள் எதுவும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 6
லாரிக்காரர் கையில்

அடேய் எண் பைத்தியமே,

இன்று தபாலில் போட்ட கடிதத்தைப் படித்துவிட்டு, அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று முழிக்காதே. அது வழியில் பிரித்துப் பார்க்கிறவர்களுக்காக எழுதியது. இதுதான் உனக்கு. அத்தானோடு பள்ளியில் படித்தவர் இப்போது எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றிப்போகிறார். மாதம் ஒருமுறை உன் ஊர்ச் சந்தைக்கு வருவார். இனி இந்த விஷயமெல்லாம் அவர் கையில்தான். தபாலில் சுண்டெலியின் மார்க்கையும் என் முதுகையும் மட்டும் விசாரி. (சதவீதக் கணக்கில் பத்துக்கு மூன்று வாங்கியிருக்கிறாள். உன் மருமகள் என்று வெளியே சொல்லிக்கொள்ளாதே.)

நீ கேட்டது இருக்கிறது. எங்கள் கட்டிடத்தின் கீழறையில், பதினான்காம் அலமாரியில், ஏழாவது கட்டு. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சாவியும் ஒன்றுதான், அது என் இடுப்பில். கரப்பான்பூச்சிகளுக்கும் எனக்கும் தவிர அங்கே யாருக்கும் வேலை இல்லை.

தாள்களில் எண்களைப் பென்சிலில் போட்டிருக்கிறார்கள். ரயிலில் போன சரக்கு, ஆலையில் நெய்த துணி, கொள்முதல் செய்த தானியம், விற்ற உப்பு. எல்லாம் கூட்டி, போன வருடம் நூறு என்றால் இந்த வருடம் எழுபத்தெட்டு என்று முடித்திருக்கிறார்கள். அதன் மேல் யாரோ சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் நூற்று மூன்று என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஒரு கணக்கும் இல்லை. வெறும் எண்.

உப்பைப் பார்த்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்துவிட்டேன். கையில் காசு இல்லாவிட்டால் ஜனங்கள் துணி வாங்க மாட்டார்கள், ரயில் ஏற மாட்டார்கள். உப்பை யாரும் விடுவதில்லை. அந்த மூன்று வருடங்களில் வடக்கு மாவட்டங்களில் உப்பு விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. விலை ஏறவில்லை, தட்டுப்பாடும் இல்லை. தின்கிற வாய்தான் குறைந்திருக்கிறது.

ஒன்பது நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கையாலேயே பிரதி எடுத்தேன். இதோடு வைத்திருக்கிறேன். எண்களை எடுத்துக்கொண்டு தாளைக் கொளுத்திவிடு. கையெழுத்து என்னுடையது, ஞாபகம் இருக்கட்டும்.

அக்கா

மார்ச் 11
லாரிக்காரர் கையில்

அன்புள்ள அக்காவுக்கு,

லாரிக்காரர் வந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கூடக் குடிக்காமல் கவரைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். உன் தாள்களை மூன்று நாள் எடுத்து எடுத்துப் பார்த்தேன். நீ போட்ட எண்களை அட்டவணையில் வைத்ததும், 62ஆம் வரிசையில் நாலாம் இடத்தில் இருந்த நம் நாடு பதினேழாம் இடத்துக்குப் போய்விட்டது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை பார்த்தார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. தெருவில் போலீஸ்காரர் நடந்தாலே நீ மறுபக்கம் போகிறவள். பேருந்தில் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு அழுதவள். நான் சும்மா ஒரு வரி கேட்டதற்கு ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதினாயா? எனக்கு அப்போது மூன்று வயது. ஒன்றும் நினைவில்லை. அம்மாவும் அந்தக் காலத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. உனக்கு ஏதாவது தெரியுமா?

அத்தானுக்கு என் வணக்கம். சுண்டெலிக்குப் பென்சில் பெட்டி ஒன்று இதோடு வருகிறது.

தம்பி

ஏப்ரல் 15
லாரிக்காரர் கையில்

தம்பிக்கு,

சுகம்தானே? பென்சில் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் சுண்டெலி தூங்குகிறாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துப்போட்டேன். நம் வீட்டு அடுக்களையில் மூன்று சின்ன அலுமினியத் தட்டுகள் இருந்தனவே, நினைவிருக்கிறதா? ‘நாம ரெண்டு பேருதானேம்மா, எதுக்கு மூணு?’ என்று நீ கேட்பாய். ‘யாராச்சும் வருவாங்கடா’ என்பாள் அம்மா.

யாரும் வருவதற்காக வைக்கவில்லை. நமக்கு நடுவில் ஒருத்தி இருந்தாள். எனக்கு ஒன்பது, அவளுக்கு ஆறு, உனக்கு மூன்று. ஓயாமல் பேசுவாள். கடைசி வாரம் பேசவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. 62ஆம் வரிசையில் போனாள். பசியால் யாரும் சாகவில்லை என்று அந்த வாரம் வானொலியில் சொன்னார்கள். காய்ச்சல் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. பேசக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. தானாகவே பழகிவிட்டது.

அட்டவணையில் ஒரு வேடிக்கை கவனித்தாயா? மொத்த வருமானத்தைத் தலைகளால்தானே வகுக்கிறீர்கள். தலை குறைந்தால் தலைக்கு விழுவது கூடும். 64ஆம் வரிசையில் நம் நாட்டின் தலா வருமானம் ஒரே தாவாகத் தாவுகிறதே, அது அதனால்தான். அவள் போன பிறகு நம் வீட்டிலும் கூடியது. அவள் பங்குக் கஞ்சியை அம்மா உனக்கும் எனக்கும் பிரித்து ஊற்றினாள். நான் குடித்தேன். இன்றுவரை அது என் தொண்டையில் நிற்கிறது.

அதனால்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு கட்டத்திலாவது உண்மை இருக்கட்டும். ஆனால் என் பெயர் எங்கேயும் வரக்கூடாது. எங்கேயும்.

அக்கா

மே 20
லாரிக்காரர் கையில்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு இன்னொரு அக்கா இருந்திருக்கிறாள் என்பதை நாற்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன். அந்த மூன்றாவது தட்டை நான் மேளம் தட்டி விளையாடியிருக்கிறேன். அம்மா ஒருநாளும் திட்டியதில்லை.

நல்ல செய்தி, முதல் வரைவு முடிந்துவிட்டது. உன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை, நிம்மதியாக இரு. ஆதாரம் இல்லாத எண் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்று பேராசிரியர் பிடித்த பிடியில் நிற்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால் 61 முதல் 63 வரைக்கும் அடிக்குறிப்பில் ‘கீழறை, 14ஆம் அலமாரி, 7ஆம் கட்டு, பென்சில் கணக்குத்தாள்’ என்று மட்டும் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் ‘நடுவிலவளுக்கு’ என்று ஒரே ஒரு வார்த்தை. யாருக்கும் புரியாது, உனக்கும் எனக்கும் தவிர.

வழக்கப்படி வரைவைப் பத்தொன்பது நாட்டுப் புள்ளிவிவர அலுவலகங்களுக்கும் கருத்துக் கேட்டு அனுப்பியிருக்கிறோம். உங்கள் அலுவலகத்துக்கும் வரும். பார்த்துவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 17
லாரிக்காரர் கையில்

தம்பி,

என்ன காரியம் செய்துவிட்டாய்! என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாயே. பெயர் போடவில்லை, பெயர் போடவில்லை என்கிறாய். அந்த அறைக்கு ஒரு சாவிதான் என்று உனக்கு எழுதினேனா இல்லையா? அலமாரி எண்ணையும் கட்டு எண்ணையும் போட்ட பிறகு பெயர் எதற்கு?

உன் கடிதம் வருவதற்கு முன்பே வரைவு வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். அறையில் வேறு ஒருவரும் இருந்தார். யார் என்று சொல்லவில்லை. சாம்பல் நிறச் சட்டை, கையில் காகிதம் இல்லை, பேனா இல்லை. அலுவலகத்தில் பேனா இல்லாத ஆள் அலுவலக ஆள் இல்லை.

‘கீழ் ரூமுக்கு எத்தனை சாவிம்மா?’ என்றார் இயக்குநர்.

‘ஒண்ணுதான் சார்.’

‘யாருகிட்ட இருக்கு?’

‘என்கிட்டதான் சார்.’

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனா இல்லாதவர்தான் மெதுவாகக் கேட்டார். ‘உங்க தம்பி வெளிநாட்டுல என்ன பண்றாரு?’

‘வாத்தியார் வேலைங்க.’

‘நடுவிலவள்னா யாருங்க?’

தெரியாது என்றேன். தலையாட்டினார். எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொண்டிருந்தால் கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

சாயங்காலம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பேருந்து நிறுத்தம் வரை ஒருவர் பின்னால் நடந்து வந்தார். மறுநாளும் வந்தார். இன்று அவர் எனக்கு முன்னாலேயே நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

லாரிக்காரர் இதுதான் கடைசி என்றார். எல்லையில் சீட்டுக்கடியில் கையை விட்டுப் பார்க்கிறார்களாம். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இனி தபால் மட்டும்தான். தபாலில் எதையும் கேட்காதே. என் பிரதியைக் கொளுத்தினாயா? கொளுத்தவில்லை என்றால் இப்போதே கொளுத்து.

ஜூலை 14
தபாலில்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அத்தான், சுண்டெலி சௌக்கியமா? சதவீதக் கணக்கில் இந்தத் தடவை எவ்வளவு?

இங்கே நல்ல வெயில். வேலை மெதுவாக நடக்கிறது. வரைவில் சில பிழைகள் இருப்பதாகத் தோன்றுகிறது. எல்லாம் என் பிழைதான், வேறு யாருக்கும் அதில் பங்கு இல்லை. திருத்த வேண்டியது இருந்தால் திருத்திவிடுவேன்.

பதில் போடு.

தம்பி

ஆகஸ்ட் 19
தபாலில்

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூலையில் போட்ட கடிதம் கிடைத்ததா? இப்போதெல்லாம் தபால்காரர் எங்கள் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பும்போதே வாசலுக்குப் போய்விடுகிறேன். என்னைப் பார்த்ததும் அவர் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

முதுகு வலி எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுது. சுண்டெலியாவது எழுதட்டும்.

தம்பி

செப்டம்பர் 23
தபாலில்

மதிப்பிற்குரிய சகோதரருக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். தங்கள் இரு கடிதங்களும் கிடைத்தன. வேலை மிகுதியால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

தாங்கள் அனுப்பிய வரைவுக்கு எங்கள் அலுவலகத்தின் பதில் தனியே வரும். அதைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. எங்கள் கட்டிடத்தின் கீழறையில் பதின்மூன்று அலமாரிகள் மட்டுமே உள்ளன. தாங்கள் குறிப்பிட்ட பதினான்காம் அலமாரியும் அதிலுள்ளதாகச் சொல்லப்படும் கட்டும் எக்காலத்திலும் இருந்ததில்லை. 61 முதல் 63 வரையுள்ள வருடங்களில் நம் நாட்டின் வருமானம் ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று வீதம் உயர்ந்தது.

நம் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் நாம் இருவர் மட்டுமே என்பதும், அந்த வருடங்களில் நம் வீட்டில் எவரும் இறக்கவில்லை என்பதும் தாங்கள் அறிந்ததே. முதல் பக்கத்தில் உள்ள வார்த்தை யாரைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கள் அத்தான் ஆகஸ்ட் 2 முதல் வேலை நிமித்தமாக வெளியூர் சென்றிருக்கிறார். எப்போது திரும்புவார் என்று இன்னும் தெரியவில்லை. தாங்கள் அட்டவணையைத் திருத்திய விவரத்தை எழுதி அனுப்பினால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

முதுகு வலி இல்லை.

இப்படிக்கு,
தங்கள் சகோதரி

அக்டோபர் 4
தபாலில்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், சுண்டெலி நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. அலுவலகத்தின் பதிலும் அதே தபாலில் வந்தது. இரண்டையும் படித்தேன்.

என் பிழைதான். வேறொரு நாட்டின் குறிப்பைத் தவறுதலாக நம் நாட்டின் கட்டத்தில் எழுதிவிட்டேன். 61 முதல் 63 வரை உங்கள் அலுவலகம் வெளியிட்ட எண்களையே போட்டாகிவிட்டது. அடிக்குறிப்பை எடுத்துவிட்டேன். பேராசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வருட உழைப்பை ஏன் குப்பையில் போடுகிறாய் என்று எல்லோர் முன்பும் சத்தம் போட்டார். நான் கணக்குத் தெரியாதவன், தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்பாவின் கையெழுத்தும் என்னுடையதும் ஒரே மாதிரி இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.

திருத்திய அட்டவணை இன்று அச்சுக்குப் போய்விட்டது. பத்தொன்பது அலுவலகங்களுக்கும் நகல் போயிருக்கிறது. 62ஆம் வரிசையில் நம் நாடு நாலாம் இடத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் இருந்த பழைய தாள்கள் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டேன். ஒன்றுகூட மீதி இல்லை.

முதல் பக்கத்தில் இருந்த வார்த்தையையும் எடுத்துவிட்டேன். அது யாரையும் குறிக்கவில்லை. நம் பெற்றோருக்கு நாம் இருவர்தான். உனக்குப் பிறகு நான், நடுவில் யாரும் இல்லை. நம் வீட்டு அடுக்களையில் சின்னத் தட்டுகள் எப்போதும் இரண்டுதான் இருந்தன, அக்கா. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அத்தான் வீட்டுக்கு வந்ததும் ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். வந்துவிட்டார் என்று மட்டும்.

தம்பி